கன்னிமூலையில் கிடைத்த பதில்

எங்களுக்காக ஜெபித்தவர்களுக்கு நன்றி சொல்லவும், இனிமேல் வீடு பார்க்கப் போகிறவர்களுக்குத் தைரியம் சொல்லவும் இதை எழுதுகிறேன். சம்பவம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் புது இடத்துக்குப் போனால் முதலில் கால் பெருவிரலால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் முழுக்காலையும் வைக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதைக் கவனித்துவிட்டார்கள். கணக்கு டீச்சர் வகுப்புக்குள் நுழைகிற விதத்தை ஒருத்தன் நடித்துக் காட்டுவதை நானே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நன்றாகத்தான் நடித்தான்.

நாங்கள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கேரளத்துப் பாறசாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். நான், என் கணவர், மகள் அபிஷா. அவருக்கு நெய்யாற்றின்கரையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை. அந்த வாடகை வீட்டில் இரண்டு குறை. ஒன்று தண்ணீர். மூன்று வீட்டுக்கும் ஒரே கிணறு, அதற்கு வெகு பக்கத்தில் அயல்வீட்டுக் கக்கூஸ் குழி. மற்றது வழி. ரோட்டிலிருந்து வீட்டுக்கு வர, இரண்டு பக்கமும் மதில் கட்டிய ஒரு சந்து. எதிரே ஆடு வந்தால் யார் பின்வாங்குவது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலும் நாங்கள்தான் பின்வாங்குவோம்.

போன வருஷம் அபிஷாவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. எப்படியோ தேறினாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். அடுத்து டைபாய்டு. பிளஸ் ஒன் பரீட்சையைக் கையில் ஊசி குத்திய தழும்போடு போய் எழுதினாள். டாக்டர் தண்ணீரைப் பற்றி விசாரித்தார். கிணற்றைப் பற்றிச் சொன்னேன். குழியைப் பற்றியும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சரே, நான் மருந்து எழுதி எழுதித் தாறேன். ஆனா இந்தப் பிள்ளைக்கு மருந்து இல்ல வேண்டியது, வேற வீடாக்கும்" என்றார்.

அன்று முதல் ஒரு பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்ததும் அவளுடைய கீழிமையை இழுத்து, கண்ணின் வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கிறதா என்று பார்ப்பேன். அவள் தூக்கத்தில் இருந்தாலும் பார்ப்பேன். எங்கள் வீட்டில் காலை வணக்கம் என்பது அதுதான்.

அவள் தேறிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சோற்றில் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த என் கணவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. ரோட்டில் நின்றது. அதற்கு மேல் வர வழியில்லை. ஸ்ட்ரெச்சரைச் சந்தில் திருப்ப முடியவில்லை. அயல்வாசிகள் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். வியர்த்து ஊற்றுகிறது, முகம் சாம்பலாகிவிட்டது, ஆனாலும் அவர் வாய் ஓயவில்லை. "எலே, இடது பக்கம் மதில் தட்டும், சரிச்சுப் பிடி. பின்னால நிக்கியவன் கொஞ்சம் தாழ்த்து" என்று நாற்காலியில் இருந்தபடியே வழி சொல்லிக்கொண்டு போனார். நான் பின்னால் அழுதுகொண்டே செருப்பில்லாமல் ஓடினேன்.

இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். பெரிய டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த வாக்கியத்தை முடிக்காமலே விட்டுவிட்டார். அதை இன்றைக்கும் நான் முடிக்கவில்லை.

இந்த நிலையில் வாடகை வீட்டுக்காரர் வந்தார். கல்ஃபில் இருக்கும் மகன் குடும்பத்தோடு திரும்புகிறானாம். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வீட்டை விட்டுத் தர வேண்டுமாம். நல்ல மனிதர். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. அதனால் நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்லி, சாயா போட்டுக் கொடுத்து அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

சேமிப்பும் நகையும் லோனுமாகச் சேர்த்து, சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். மணியன் அண்ணன் என்கிற புரோக்கர் எங்களை ஏற்றிக்கொண்டு அலைந்தார். பாலராமபுரம் பக்கம் ஒரு வீடு பார்த்தோம், அடுப்படிக்குள் ரயில் வருவது போல இருந்தது. காட்டாக்கடை பக்கம் ஒன்று பார்த்தோம், அங்கிருந்து என் கணவர் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் கோர்ட்டு முடிந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு அழகான வீடு இருந்தது. ஆனால் ரேஷன் கார்டு முதல் பிள்ளையின் கல்லூரி இடம் வரை எல்லாவற்றையும் மாநிலம் மாற்ற வேண்டும். என் கணவர் வாசலில் நின்று, "எனக்க கடை ஒரு ராஜ்யம், வீடு ஒரு ராஜ்யம். சோறு கொண்டு போக செக்போஸ்ட்டு தாண்டணும்" என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

போகிற வீட்டிலெல்லாம் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. நடு அறையில் போய் நிற்பார். போனை உள்ளங்கையில் தட்டையாக வைத்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார். கேட்டால், ரேஞ்சு கிடைக்கிறதா என்று பார்க்கிறேன் என்பார். இந்தக் காலத்தில் ரேஞ்சும் முக்கியம்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

கடைசியில் இரண்டு வீடு மிஞ்சியது.

ஒன்று குன்றின் மேல் இருந்தது. கிணறு என்றால் அதுதான் கிணறு. மீனமாசம், அதாவது பங்குனிக் கோடையிலும் கையெட்டும் ஆழத்தில் தண்ணீர், அடியில் கிடக்கும் காசு தெரியும். அபிஷா ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். ஆனால் ரோட்டிலிருந்து வீட்டுக்கு வெட்டுகல்லில் செதுக்கிய படிகள்தான் வழி. பாதிப் படியில் மணியன் அண்ணன் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, "காத்து நல்லா உண்டு, என்னா" என்றார். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அப்படிச் சொன்னார்.

மற்றது ரோட்டோரம். வாசலில் ஆம்புலன்ஸ் மட்டுமல்ல, பஸ்ஸே திரும்பலாம். சபைக்கு நடந்து போகலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே ஒரே ரோடு. சுகுமாரன் அண்ணனும் சரசம்மா அக்காவும் என்று வயதான தம்பதி. மகனோடு பெங்களூர் போவதால் விற்கிறார்கள். விலையும் எங்கள் கைக்கு எட்டுகிற விலை. ஏன் எட்டுகிறது என்றால், தண்ணீர் இல்லை. வடகிழக்கு மூலையில் ஒரு கிணறு பளபளவென்று நின்றது, சுற்றுச்சுவருக்கு டைல்ஸ் எல்லாம் ஒட்டி. எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு தவளை என்னை அண்ணாந்து பார்த்தது. அதற்கும் தண்ணீர் இல்லை. போர் போட்டுப் பார்த்தார்களாம், பாறைப் பொடிதான் வந்ததாம். பைப்பைத் திறந்தால் இருமிவிட்டு நிற்கும். மழைக்காலம் போக மற்ற நாளெல்லாம் டேங்கர் லாரி. அந்த லாரி எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறது என்று கேட்டேன். மணியன் அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

நான் கணக்கு டீச்சர். இரண்டு வீட்டுக்கும் விடைத்தாள் போல மார்க் போட்டேன். சமமாக வந்தது. அடுப்படிக்கும் வெயிலுக்கும் தனித்தனியாக மார்க் போட்டுத் திருத்தினேன். மறுபடியும் சமம். உண்மையில் நான் போட்டது வீட்டுக்கு மார்க் அல்ல. குன்றின் மேலுள்ள வீட்டை வாங்கினால் கணவருக்கு ஆபத்து. ரோட்டோர வீட்டை வாங்கினால் பிள்ளைக்கு ஆபத்து. எந்த வீடு என்று யாராவது கேட்டால், இரண்டு பேரில் யார் என்று கேட்பது போலவே என் காதில் விழுந்தது. ராத்திரி தூக்கமில்லை. பகலில் கரும்பலகையில் தப்புத் தப்பாகக் கூட்டினேன்.

முடிவை அவர்தான் எடுத்தார். ஒரு நாள் கடையிலிருந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல், "குன்றுக்கு மேல உள்ளதே போதும். சனிக்கிழமை அட்வான்ஸ் குடுத்துரலாம்" என்றார்.

"படி?" என்றேன்.

"பைய ஏறுவேன். டாக்டரு நடக்கத்தானே சொல்லியாரு."

"நடக்கச் சொன்னாரு, மலை ஏறச் சொன்னாரா? ஒரு நாள் திடீருன்னு என்னமாவது ஆச்சுதுன்னா?"

அவர் சிரித்தார். "அதுக்குத்தான் அந்த பிளாஸ்டிக் நாற்காலிய பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அபிஷா படித்துக்கொண்டிருந்த அறைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்க ஆயுசு கர்த்தருக்க கையில. பிள்ளைக்கு நல்ல தண்ணி வேணும்."

அன்றைக்கு ஜெபிக்கவும் வாய் வரவில்லை. முழங்காலில் நின்று, "கர்த்தாவே, படி" என்றேன். பிறகு, "கர்த்தாவே, தண்ணி" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் தங்கம் அக்கா இருக்கிறார். ஜெபத்தில் வல்லவர். உருவத்திலும் குரலிலும் அப்படியே. என் முகத்தைப் பார்த்த உடனே என் வாயிலிருந்து எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். "சனிக்கிழமைதானே அட்வான்ஸு? இன்னும் வெள்ளிக்கிழமை உண்டே" என்றார். "சபைக்குப் பக்கத்து வீட்ட விட்டுட்டு மலைக்கு மேல போறதா? வேதத்துல எரிகோ மதில நம்ம ஆளுக ஏழு தடவை சுத்தி வந்ததுபோல நம்மளும் அந்த வீட்டச் சுத்தி வருவோம் மக்கா. ஒரு வார்த்தை பேசப்படாது. கடைசிச் சுத்துல மட்டும் நான் ஆர்ப்பரிப்பேன். கர்த்தர் வழி திறப்பாரு."

"அக்கா, வழி இருக்கு. தண்ணிதான் இல்ல."

"எல்லாம் ஒரே கர்த்தர்தான். காலையில வெள்ளை சேலை உடுத்திட்டு வா."

இப்படி வீட்டைச் சுற்றி நடந்து ஜெபிப்பது நம் பக்கத்தில் புதிதல்ல என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்காரர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே. நாங்கள் மணியன் அண்ணனிடம் கேட்டோம். அவர், "எல்லைக்கல்லு பாக்க ரெண்டு பேரு வருவாங்கன்னு நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். வெள்ளிக்கிழமை காலை, சூரியன் உதித்த கொஞ்ச நேரத்தில், வெள்ளைச் சேலை உடுத்திய இரண்டு பெண்கள் வேதபுத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், சரசம்மா அக்காவின் வீட்டைச் சுற்றிவரத் தொடங்கினோம்.

முதல் சுற்றில் அவர் வாசலில் கோலமிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாம் சுற்றில் சிரிக்கவில்லை. அடுத்த சுற்றில் எழுந்து நின்று, "சேச்சி, எந்தா இது?" என்று கேட்டார். பேசக் கூடாதே. தங்கம் அக்கா ஆகாயத்தைக் கை காட்டினார். சரசம்மா அக்கா ஆகாயத்தைப் பார்த்தார். ஒன்றுமில்லை. பிறகு எங்களைப் பார்த்தார். அதற்கு அடுத்த சுற்று வந்தபோது அவர் ஒரு கையில் உப்பும் மிளகாயும், மறு கையில் கணவரின் சட்டையையும் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சுற்றச் சுற்ற அந்த வெட்கம் குறைந்து, மனம் மெதுவாகத் திறந்தது. எவ்வளவோ நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் முழுதாக ஜெபிக்க முடிந்தது. உள்ளுக்குள் சொன்னேன்: கர்த்தாவே, என்னால் இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. நீர் என்னை அப்படிப்பட்ட கணக்குக்குள் நிறுத்த மாட்டீர் என்று நம்புகிறேன். இந்த வீட்டில் எங்கேயாவது தண்ணீர் இருந்தால் எனக்குக் காட்டும். இல்லையென்றால் நாளைக்கு நாங்கள் படி ஏறுகிறோம், அவரை நீர் தாங்கும். எப்படியானாலும் இன்றைக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

வீட்டின் பின்பக்கம், தென்மேற்கு மூலையில், குரோட்டன் செடிகள் வட்டமாக நட்ட ஒரு மேடு இருந்தது. நிலம் அந்தப் பக்கம் சரிந்து, கீழே வாழைத் தோட்டத்தில் போய் முடிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த மேட்டை ஒதுங்கித்தான் நடந்தோம். கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில் தங்கம் அக்கா முன்னால் அகலமாகப் போய்க்கொண்டிருந்ததால், நான் குறுக்கே மேட்டின் மேல் கால் வைத்தேன்.

தரை போய்விட்டது.

எப்படிச் சொல்வது? நின்ற இடம் "மடக்" என்றது, அடுத்த நொடி என் இரண்டு காலும் ஒன்றுமில்லாத இடத்தில் தொங்கின. இடுப்பு வரை மண்ணுக்குள் போய், இரண்டு தென்னந்தடிகளுக்கு நடுவில் சிக்கி நின்றுவிட்டேன். என் பருமனைப் பற்றி வீட்டில் நடந்த கேலியை எல்லாம் அந்த இடத்திலேயே மன்னித்தேன். மெலிந்தவளாக இருந்திருந்தால் இந்தச் சாட்சியை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

கத்த வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. வேதபுத்தகம் மட்டும் கையில் இருந்தது. வலது கால் செருப்பு மெல்ல நழுவுவது தெரிந்தது. விரலை மடக்கிப் பிடித்துப் பார்த்தேன். விழுந்துவிட்டது. காத்திருந்தேன். அந்தச் சின்ன இடைவெளியில் நான் ஆயுசில் செய்யாத ஜெபமெல்லாம் செய்தேன்.

"களுக்" என்றது.

சகோதர சகோதரிகளே, அந்தச் சத்தத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். காய்ந்த குழியில் செருப்பு விழுந்தால் "டப்" என்றுதான் கேட்கும். இது தண்ணீர். ஆழமான, குளிர்ந்த தண்ணீர். உள்ளங்காலில் அதன் குளிர்காற்று வந்து பட்டது. பயத்தில் உயிர் போய்க்கொண்டிருக்கும்போதே, எனக்குள் இருக்கிற கணக்கு டீச்சர் விழுந்த நேரத்தை வைத்து ஆழம் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

தங்கம் அக்கா திரும்பிப் பார்த்தார். இன்னும் கடைசிச் சுற்று முடியவில்லை, பேசக் கூடாது. அவர் முகத்தில் நடந்த போராட்டத்தை நான் கண்ணால் கண்டேன். முதலில், மேலே வா என்று கையைக் காட்டினார். நான், முடியாது என்று தலையை ஆட்டினேன். பிறகுதான் ஆர்ப்பரித்தார். பாறசாலை ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். எரிகோவில் மதில் விழுந்தது. இங்கே மதிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, நான்தான் விழுந்தேன்.

ஆள் கூடிவிட்டது. தென்னை ஏறுகிறவர் ஒருவர் கயிற்றோடு வந்தார். ஏணியைக் குறுக்கே போட்டு, அதன்மேல் ஒருவர் படுத்து என் கையைப் பிடித்தார். நான், "தண்ணி, தண்ணி உண்டு" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சரசம்மா அக்கா உள்ளே ஓடிப்போய், கடையில் வாங்கின பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து என் வாயில் ஊற்றினார். அதற்குள் என் கணவரும் அபிஷாவும் வந்துவிட்டார்கள். அவர் பாரம் தூக்கக் கூடாது. அதனால் ஓரத்தில் நின்று, "எலே, இடது பக்கம் தடி உளுத்திருக்கு, சரிச்சு இழு. கயிற்ற கொஞ்சம் தாழ்த்து" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் நடுங்கியது. நாற்காலியில் போன அன்றைக்குக்கூட அந்தக் குரல் நடுங்கவில்லை.

மேலே வந்து, சேறும் சிராய்ப்புமாக உட்கார்ந்து, நான் என்ன கேட்டு ஜெபித்தேன் என்று எல்லாருக்கும் சொன்ன பிறகுதான் சுகுமாரன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். அது அவர் அப்பா காலத்துக் கிணறு. ஒரு கோடையிலும் வற்றியதில்லை. ஆனால் இருப்பது தென்மேற்கில், அதாவது கன்னிமூலையில். வாஸ்துப்படி கன்னிமூலையில் கிணறு இருந்தால் குடும்பம் அழியும் என்று ஒருவர் வந்து சொன்னாராம். மகளுக்குக் கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டிருந்த நேரம். பயந்துபோய் கிணற்றின் வாயைத் தென்னந்தடியும் ஷீட்டும் போட்டு மூடி, மண் கொட்டி, செடி நட்டுவிட்டார்கள். வாஸ்து சொன்ன வடகிழக்கு மூலையில், மேட்டுப் பாறையில், புதுக் கிணறு வெட்டினார்கள். மூலை சரியாக இருந்தது. தண்ணீர் வரவில்லை. பிறகு வீடு விற்கும்போது மணியன் அண்ணன், கன்னிமூலைக் கிணற்றைப் பற்றி மூச்சு விடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

"அண்ணன் இப்படிச் செய்யலாமா?" என்று, கூட்டத்தோடு வந்து நின்ற மணியன் அண்ணனை நான் கேட்டேன்.

"டீச்சரே, தண்ணி இல்லாத வீட்ட விற்கலாம். கன்னிமூலையில கிணறு உள்ள வீட்ட விற்க முடியாது" என்றார். "கேட்டா எல்லாரும் ஓடுவாங்க. உங்க ஆளுகதான் முதல்ல ஓடுவாங்க."

"நாங்க அதெல்லாம் நம்புகியது இல்ல" என்றார் தங்கம் அக்கா.

மணியன் அண்ணன் என் கணவரைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். இவர் முகம் வெளுத்திருந்தது. கையில் போன், தட்டையாக. மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கன்னிமூலைதானாக்கும்" என்றார், மெல்லிய குரலில்.

"ரேஞ்சு பாக்குற போன்ல கன்னிமூலை எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

அபிஷாதான் சொன்னாள். "அம்மா, அது ரேஞ்சு இல்ல. திசை காட்டுற ஆப்பு. அப்பா எல்லா வீட்டிலயும் வாஸ்துதான் பாத்தாரு."

தங்கம் அக்கா வேதபுத்தகத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். என் கணவர் தரையைப் பார்த்தார். "நம்பிக்கை ஒண்ணும் இல்ல. நெஞ்சில ஒண்ணு வச்சிருக்கு, பிள்ளை ரெண்டு தடவை படுத்தாச்சு. இனி ஒண்ணு வந்தா தாங்க முடியாதுன்னு ஒரு பயம். அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தப் பயத்தைத்தானே நான் தினமும் காலையில் பிள்ளையின் கண்ணிமையில் தேடிக்கொண்டிருந்தேன். அவர் போனில் தேடினார்.

அபிஷா கிணற்றின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். "அப்பா, அம்மா தண்ணி காட்டச் சொல்லி ஜெபிச்சாங்க. காட்டியாச்சு. மூலை சரியில்ல, வேற மூலையில காட்டும்னு நம்ம திருப்பி அனுப்புவோமா?"

தென்னை ஏறுகிறவர்தான் முதலில் சிரித்தார். பிறகு சுகுமாரன் அண்ணன். என் கணவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணும் நிறைந்துவிட்டது. போனை மகளிடம் நீட்டினார். "இந்தா மக்கா, அந்தச் சாதனத்த எடுத்துக் களை" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை நாங்கள் குன்று ஏறவில்லை. அந்த வீட்டை நல்ல முழங்கால் உள்ள ஒரு இளம் தம்பதி வாங்கியிருக்கிறார்கள். சந்தோஷமாக இருக்கிறார்கள்.

ஜெபம் கேட்கப்பட்டதென்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கிணற்றைத் திறந்து முழுதாக இறைத்தோம். மறுநாளைக்குள் பழையபடி ஊறி நின்றது. தண்ணீரை லேபுக்கு அனுப்பினோம். பக்கத்தில் கக்கூஸ் குழி எதுவும் இல்லை என்று அளந்து பார்த்தோம். தூர் வாரி, சுத்தம் செய்து, மறுபடியும் சோதித்த பிறகுதான் குடித்தோம். இறைக்கும்போது என் செருப்பு வாளியில் ஏறி வந்தது. அதைச் சபையில் சாட்சியாகக் காட்ட வேண்டும் என்று தங்கம் அக்கா ஒற்றைக்காலில் நின்றார். போதகர்தான் அன்போடு தடுத்தார்.

வீட்டில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பஸ் போகும்போது பாத்திரம் ஆடும். அடுப்படி இடுக்கம். மேற்குச் சுவர் சாயங்காலம் தோசைக்கல் போலச் சூடாகும். குன்றின் மேலுள்ள காற்றை நினைத்து நான் சில நாள் பெருமூச்சு விடுவேன். எல்லாம் உள்ள வீடு எங்கேயும் இல்லை. ஆனால் கணவனா பிள்ளையா என்று என்னைக் கேட்காத வீடு ஒன்றைக் கர்த்தர் வைத்திருந்தார். அது எனக்குப் போதும். பெங்களூர் போவதற்கு முன் சரசம்மா அக்கா வந்து அந்தக் கிணற்றில் ஒரு குடம் கோரிக் குடித்துவிட்டு, "பழைய ருசி" என்று சொல்லி அழுதார். நாங்கள் கேட்காமலே தங்கம் அக்கா அவருக்காகவும் ஜெபித்தார், இந்தத் தடவை வாயைத் திறந்து.

வீடு தேடி அலைகிறவர்களே, எதைக் கொடுத்து எதை வாங்குவது என்று தெரியாமல் நடுவில் நிற்கிறவர்களே, உங்கள் கணக்கு சரிவரவில்லை என்பதற்காக மனம் தளர்ந்துவிட வேண்டாம். தைரியமாகக் கேளுங்கள். ஒரு வார்த்தைதான் வாயில் வருகிறதென்றால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள், அவருக்கு அது போதும். பிறகு எழுந்து, வீட்டின் முன்பக்கத்தை மட்டுமல்ல, பின்பக்கத்தையும் நடந்து பாருங்கள். பார்த்து நடங்கள்.

எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். கிணற்றுக்கு இப்போது இடுப்பளவு சுவரும், மேலே இரும்பு வலையும் உண்டு. என் கணவர் அதன்மேல் சாய்ந்து நின்று வாளி இறக்குவார். நான் அந்தப் பக்கம் போவதில்லை. கர்த்தரை முழு மனதோடு நம்புகிறேன், வலையைப் பற்றி இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலையும் அபிஷாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை, சுத்த வெள்ளை. அவள் கண்ணைத் திறக்காமலே, "அம்மா, ஸ்தோத்திரம் சொல்லிட்டுப் போய்ப் படுங்க" என்றாள். சொன்னேன்.